கேமரா யாருடைய வண்டியில் ஏறியது?
நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



எந்தத் தோழரின் நினைவாக நாம் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவரை இந்த அரங்கில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். கவிதை எழுதிய அதே கையால் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்து மனு எழுதியவர். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காலனியிலிருந்து போன் வரும். "பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அண்ணே" என்று அழுவார்கள். அவர் முதலில் கேட்பது, "யாரு பார்த்தது?" என்பதுதான். என்ன நடந்தது என்பதை அடுத்துத்தான் கேட்பார். பார்த்தவர் ஒருவர் இருந்தால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் போலீஸ் எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிடும் என்பதை அவர் அனுபவத்தில் கற்றிருந்தார்.

அந்தக் கேள்வியையே இந்த ஆண்டு உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். போலீஸ் செய்வதை யார் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள், பார்த்த பிறகு என்ன நினைக்கிறார்கள்? இதைப் பேசுவதற்கு அமெரிக்காவின் போலீஸ் ரியாலிட்டி நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 30 ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டு மக்கள் தங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து, நிஜப் போலீஸ் நிஜ மனிதர்களைத் தரையில் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டுவதைப் பொழுதுபோக்காகப் பார்த்தார்கள். அதனால் என்ன விளைந்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அதை இலக்கிய அரங்கில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு மனிதனின் கதையை யார் சொல்வது என்பதுதானே நம் இலக்கியத்தின் முதல் கேள்வி?

1. எழுத்தாளர் தேவைப்படாத நாடகம்

1989 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'காப்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவர்டு கவுண்டியில் முதல் படப்பிடிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, 1988இல், அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். எழுத்தாளரே தேவைப்படாத, செலவு குறைந்த நிகழ்ச்சி ஒன்று சேனலுக்கு வசதியாகக் கிடைத்தது. உழைப்பவர்கள் கூலி கேட்டபோது அவர்கள் இல்லாமலே ஓடக்கூடிய ஒன்றை முதலாளி தேடினார் என்பதையும் இந்தக் கதையில் மறக்க வேண்டாம்.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிது. அரை மணி நேரத்தில் மூன்று சம்பவங்கள். தொகுப்பாளர் இல்லை, பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் இல்லை. ரோந்து வண்டியில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் கேமரா உட்கார்ந்திருக்கும். அவர் தன்னைப் பற்றிப் பேசுவார், ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பார், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். ரேடியோவில் அழைப்பு வரும், வண்டி பறக்கும், ஒருவன் ஓடுவான், இவர் துரத்துவார். விலங்கு மாட்டியதும் சம்பவம் முடிந்துவிடும். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படும்வரை எல்லோரும் நிரபராதிகளே என்று ஓர் அறிவிப்பு மட்டும் வரும். தலைப்புப் பாடலாக ஒலித்தது, 'இன்னர் சர்க்கிள்' என்ற ஜமைக்கா இசைக்குழுவின் ரெகே பாடல். கறுப்பின மக்களின் இசையைப் போட்டுவிட்டு, கறுப்பின இளைஞர்களைத் துரத்துவதைக் காட்டினார்கள்.

விளக்கம் சொல்லும் குரல் இல்லாததால் பார்ப்பவர் இதை உண்மை என்று நம்பினார். யாரும் நமக்கு எதையும் சொல்லித் தரவில்லை, நாமே கண்ணால் பார்க்கிறோம் என்று நினைத்தார். ஆனால் ஒளிபரப்புக்கு முன்பே அந்தக் காட்சிகளைப் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் வாய்ப்பு காவல் துறைக்கு இருந்தது. போலீஸ் அனுமதித்த வண்டியில் ஏறி, போலீஸ் காட்டியதைப் படம்பிடித்து, போலீஸ் ஒப்புக்கொண்டதை ஒளிபரப்பினார்கள். அதற்குப் பெயர் ரியாலிட்டி.

காரில் வரும் போலீஸ்காரருக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு, நகைச்சுவை உண்டு. துரத்தப்படுபவருக்கோ அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் எங்கே வேலை பார்த்தார், பிறகு விடுதலை ஆனாரா, வழக்கு தள்ளுபடி ஆனதா, எதுவும் தெரியாது. சட்டை இல்லாமல் புல்வெளியில் குப்புறக் கிடந்த அந்த உருவம் மட்டும் மறு ஒளிபரப்புகளில் ஆண்டுக்கணக்காக ஓடியது. அதற்குச் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். கையில் விலங்கும் பக்கத்தில் போலீசும் இருக்கும்போது நீட்டப்படும் தாளில் போடும் கையெழுத்து எப்படிப்பட்ட சம்மதம் என்பதை, வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு வந்த நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்?

மேரி பெத் ஆலிவர் என்ற ஊடக ஆய்வாளர் 1994இல் இந்த வகை நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தை எண்ணிப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார். திரையில் போலீசாகத் தோன்றியவர்களில் வெள்ளையர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள், குற்றவாளியாகத் தோன்றியவர்களில் கறுப்பர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். உண்மையில் நடப்பதைவிட மிக அதிகமான குற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காட்டப்பட்டன. அந்த நிகழ்ச்சிகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களைவிடப் போலீசார்தான் அதிகம் பலத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த அடி கறுப்பர்கள் மீதும் லத்தீன் அமெரிக்கர்கள் மீதும் கூடுதலாக விழுந்தது.

அடுத்த ஆண்டே அவரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து, இந்த நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பவர்கள் யார் என்று விசாரித்தார்கள். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதே ஒழுங்கு என்று நம்புகிறவர்கள், குற்றத்துக்குக் கடும் தண்டனை வேண்டும் என்கிறவர்கள், இனவெறுப்பு கூடுதலாக உள்ளவர்கள், இவர்களே அதிகம் ரசித்தார்கள் என்று தெரியவந்தது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறு ஒன்றைக் கண்டது. இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பது வெள்ளையர்களிடம் போலீஸ் மீதான நம்பிக்கையைக் கூட்டியது, கறுப்பர்களிடம் கூட்டவில்லை.

ஒரே நிகழ்ச்சி, ஒரே காட்சி. ஒரு வீட்டில், "பாவம் போலீஸ், எவ்வளவு பொறுமையாக நடந்துகொள்கிறார்" என்கிறார்கள். இன்னொரு வீட்டில், "அவன் நம்ம தெருப் பையன் மாதிரி இருக்கிறானே" என்று பார்க்கிறார்கள். கண் ஒன்றுதான், பார்க்கும் இடம் வேறு. போலீஸ் தன் வாழ்க்கைக்குள் ஒருநாளும் நுழையாத மனிதருக்குத் திரையில் வருவதுதான் போலீஸ். தெருமுனையில் மாதம் இரண்டு முறை நிறுத்தி விசாரிக்கப்படும் மனிதர் திரையைத் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் தடிகளால் அடித்ததை, அருகில் குடியிருந்த ஒருவர் தன் பால்கனியில் நின்று வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. வழக்கு சிமி வேலி என்ற வெள்ளையர் பெரும்பான்மை ஊருக்கு மாற்றப்பட்டது. கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அதே வீடியோவைப் பார்த்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, தரையில் கிடந்தவர் ஒவ்வொரு முறை அசைந்ததையும் அச்சுறுத்தல் என்று விளக்கினார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து நான்கு போலீசாரும் தப்பினார்கள், ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. அன்று பற்றி எரிந்த நகரத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மத்திய நீதிமன்றத்தில்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. வீடியோ இருந்தால் போதும், நீதி தானாக வரும் என்று நம்பும் நம் இளைஞர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

3. கேமராவோடு வந்த சாவு

போலீஸ் வண்டியில் கேமரா ஏறினால் போலீசின் நடத்தையும் மாறும். நல்லவிதமாக மாறும் என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது என்ன?

2010 மே 16, டெட்ராய்ட் நகரம். ஒரு கொலை வழக்கில் தேடப்பட்டவரைப் பிடிக்க நள்ளிரவில் ஆயுதப் படை ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. 'தி ஃபர்ஸ்ட் 48' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியின் படப்பிடிப்புக் குழுவும் கூடவே இருந்தது. ஜன்னல் வழியாக வெடியொளிக் குண்டை எறிந்தார்கள். உள்ளே சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த அயானா ஸ்டான்லி-ஜோன்ஸ் என்ற 7 வயதுக் கறுப்பினச் சிறுமி போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானாள். தேடப்பட்டவர் அதே கட்டடத்தின் மேல்தளக் குடியிருப்பில் இருந்தார். கேமரா இல்லாதிருந்தால் அந்த ராத்திரியில் இவ்வளவு ஆர்ப்பாட்டமாக நுழைந்திருப்பார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. சுட்ட போலீஸ்காரர் மீதான விசாரணை இரண்டு முறை தீர்ப்பில்லாமல் முடிந்தது. 2015 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது.

2016இல் ஏ அண்ட் ஈ சேனல் 'லைவ் பிடி' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வெள்ளி, சனி இரவுகளில் பல ஊர்களின் ரோந்து வண்டிகளிலிருந்து ஏறக்குறைய நேரலையாகவே காட்டினார்கள். கிரிக்கெட் வர்ணனைபோல ஸ்டுடியோவில் உட்கார்ந்து அலசினார்கள். பெரும் வெற்றி பெற்றது. நட்சத்திரமாகிவிட்ட போலீசாரும் உண்டு.

2019 மார்ச் 28, டெக்சாஸ் மாநிலம். ஹாவியர் ஆம்ப்லர் என்ற 40 வயதுக் கறுப்பினத்தவர் எதிரே வந்த வண்டிக்குத் தன் காரின் முகப்பு விளக்கைத் தணிக்கவில்லை. அதுதான் துரத்தலுக்குத் தொடக்கம். 20 நிமிடத்துக்கும் மேலாகத் துரத்தினார்கள். பிடித்துக் கீழே தள்ளி, மின்னதிர்ச்சிக் கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எனக்கு இதய நோய் இருக்கிறது, மூச்சு விட முடியவில்லை என்று அவர் கெஞ்சினார். இறந்துபோனார். 'லைவ் பிடி' குழு அங்கேயே நின்று படம்பிடித்தது. அந்தக் காட்சி ஒருபோதும் ஒளிபரப்பாகவில்லை, பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. ஓராண்டுக்கு மேல் கழித்து, உதவிக்கு வந்திருந்த ஆஸ்டின் நகரப் போலீஸ்காரர் ஒருவரின் உடல் கேமராப் பதிவு உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் வழியாக வெளியே வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. சம்பந்தப்பட்ட இரு காவலர்களையும் 2024இல் ஜூரி விடுவித்தது. ஆனால் 2021இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. காவல் துறைகள் ரியாலிட்டி நிகழ்ச்சிகளோடு ஒப்பந்தம் போடக்கூடாது என்கிறது அது. ஆம்ப்லரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

போலீசின் நல்ல முகத்தைக் காட்ட ஆயிரம் மணி நேரம் ஓடிய கேமரா, ஒரு மனிதன் செத்தபோது எடுத்த பதிவைக் காக்கவில்லை. கேமரா யாருடைய வண்டியில் ஏறுகிறதோ அவர்களுக்குத்தான் சாட்சி சொல்லும்.

4. 2020 கோடை

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ் முழங்கால் அழுத்தியது. காவல் துறையின் முதல் அறிக்கை அதை மருத்துவக் கோளாறால் நேர்ந்த சாவாகச் சொன்னது. அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண்ணின் செல்போன். கடைக்கு வந்தவள் நடைபாதையில் நின்று, கை நடுங்கினாலும் விடாமல் எடுத்தாள். அவளுக்கு 2021இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. அந்தப் போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அவள் கேமரா போலீஸ் வண்டியில் இல்லை, தெருவில் இருந்தது. கீழே கிடப்பவர் தன் தகப்பனாக, தன் அண்ணனாக இருக்கலாம் என்று நினைத்த கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது.

போராட்டத்தின் அழுத்தத்தில் 2020 ஜூன் 9 அன்று 'காப்ஸ்' நிறுத்தப்பட்டது. மறுநாள் 'லைவ் பிடி' நிறுத்தப்பட்டது. இது ஒரே வாரத்தில் நடந்த அதிசயம் என்று நினைக்கக் கூடாது. 'கலர் ஆஃப் சேஞ்ச்' என்ற கறுப்பின உரிமை அமைப்பு 2013இலேயே விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி கொடுத்து இயக்கம் நடத்தியிருந்தது. அப்போது ஃபாக்ஸ் கைவிட்டது, வேறு சேனல் எடுத்துக்கொண்டது. 2020க்குப் பிறகும் அதே கதைதான். 'காப்ஸ்' 2021இல் இணையச் சந்தா மேடை ஒன்றுக்குத் திரும்பியது. 'லைவ் பிடி' 2022இல் வேறு பெயரில், வேறு சேனலில் வந்தது. ரசிகர்கள் காத்திருந்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்துவது எளிது, அதை ரசிக்கும் மனத்தை மாற்றுவதுதான் நீண்ட வேலை.

5. நம் கைப்பேசிக்குள்

இதையெல்லாம் தூரத்துக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. அந்த மக்களோடு நமக்குப் பழைய உறவு இருக்கிறது. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய பிளாக் பேந்தர் கட்சியின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் ஏற்றார்கள். அந்தக் கட்சியின் முதல் வேலை என்ன தெரியுமா? போலீஸ் ரோந்து வண்டிகளின் பின்னால் தங்கள் வண்டியில் போவது. போலீஸ் ஒரு கறுப்பரை நிறுத்தினால் இவர்களும் இறங்கி, சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று, கையில் சட்டப் புத்தகத்தோடும் துப்பாக்கியோடும் கவனிப்பது. 'காப்ஸ்' போலீஸ் வண்டிக்குள் உட்கார்ந்து மக்களைப் பார்த்தது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே பேந்தர்கள் மக்களிடையே நின்று போலீசைப் பார்த்தார்கள்.

நாம் எங்கே நின்று பார்க்கிறோம்? கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் இளைஞனின் படம் நம் கைப்பேசிக்கு வருகிறது. தப்பி ஓடும்போது விழுந்தான் என்பார்கள், பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார்கள். அது பொய் என்று அனுப்புபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அதனால்தான் சிரிக்கிறார்கள். 'மாவுக்கட்டு' ஒரு நகைச்சுவைச் சொல்லாகிவிட்டது. நம் ஊரின் 'காப்ஸ்' அதுதான். சேனல் தேவையில்லை, தயாரிப்பாளர் தேவையில்லை, நாமே இலவசமாக ஒளிபரப்புகிறோம்.

நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். நம் பிள்ளையை வெட்டியவன், நம் பெண்ணைச் சீரழித்தவன் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் படம் வரும்போது, நம் மனத்திலும் ஒரு திருப்தி எட்டிப் பார்க்கிறது. எங்கள் கூட்டங்களில் இதை வெளிப்படையாகவே விவாதித்தோம். "கோர்ட்டுல நமக்கு எப்போ நியாயம் கிடைச்சிருக்கு, இதாவது கிடைக்கட்டுமே" என்று ஒரு தோழர் கேட்டார். அந்தக் கோபத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கை யாருக்குப் பழகுகிறது என்று பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு விசாரித்து, போலீஸ் சொன்ன மோதல் கதை நம்பத்தக்கதல்ல என்றும், காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்? கைதட்டலில் பழகிய லத்திக்கு ஆள் கிடைக்காத நாளில், அது எந்தத் தெருவுக்கு வரும் என்று நமக்குத் தெரியும். 1992இல் வாச்சாத்தி மலைக்கிராமத்துக்கும், 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணுவுக்கும் வந்தது அந்த லத்திதான்.

ஃபிளாய்ட் இறந்த ஒரு மாதத்துக்குள், 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துச் சிதைக்கப்பட்டு இறந்தார்கள். அங்கும் கேமரா இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக, விசாரித்த மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். டெக்சாஸிலும் பதிவு இல்லை, சாத்தான்குளத்திலும் பதிவு இல்லை. பதிவு அழிந்த இடத்தில் மனிதர் பேசினார். அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தோடு என்றாலும், தான் கண்டதைச் சாட்சியமாகச் சொன்னார்.

6. நாம் செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு நான்கு கேள்விகளைத் தருகிறோம். போலீஸ் பற்றிய எந்தக் காட்சி கைக்கு வந்தாலும் கேளுங்கள். கேமரா யார் பக்கம் நிற்கிறது? காட்சி எந்த நொடியில் தொடங்குகிறது, அதற்கு முன் என்ன நடந்தது? இதில் இருப்பவர் தன் முகம் காட்டப்படுவதற்குச் சம்மதித்தாரா? வழக்கு கடைசியில் என்ன ஆனது? நான்குக்கும் விடை தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

செயற்பாட்டாளர்களுக்கு ஒரு வேலை. எல்லாக் காவல் நிலையங்களிலும் லாக்கப் உட்படக் கேமரா பொருத்த வேண்டும், பதிவை 18 மாதங்கள், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவலில் பலத்த காயமோ சாவோ நேர்ந்தால் மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டு, அந்தப் பதிவை வரவழைக்க வழி இருக்கிறது. நம் தோழர் இருந்திருந்தால் மனுவின் முதல் பத்தியிலேயே இதைக் கேட்டிருப்பார். பதிவைப் பத்திரப்படுத்தக் கோரும் மனுவை முதல் நாளே கொடுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சந்திரகுமார் என்ற ஆட்டோ ஓட்டுநர் குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதுவே 'விசாரணை' படமானது. கேமரா நுழையாத அறைக்குள் அவர் எழுத்து நுழைந்தது. புல்வெளியில் குப்புறக் கிடந்தவனுக்கு முன்கதையும் பின்கதையும் உண்டு. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கும் உண்டு. அவன் குற்றம் செய்திருந்தாலும் உண்டு. அதை எழுதுவது குற்றத்தை நியாயப்படுத்துவது ஆகாது, மனிதனை மனிதனாகப் பதிவு செய்வது.

இன்று ராத்திரியும் ஏதாவது ஒரு காலனியிலிருந்து ஒரு போன் வரும். "யாரு பார்த்தது?" என்று நாம் கேட்போம். "நாங்க பார்த்தோம்" என்று சொல்ல அந்தத் தெருவில் நால்வர் இருக்க வேண்டும். அவர்களை உருவாக்குவதுதான் நம் தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

ஜெய் பீம்.